செவில் கோமகன் என்ரிக்கே

செவில் கோமகன் என்ரிக்கே தெ போர்பொன் (ஏப்ரல் 17, 1823 – மார்ச் 12, 1870) ஸ்பெயின் நாட்டின் போர்பொன் அரச குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் ஆவார். அரசர் நான்காம் கார்லோசின் பேரனும், அரசி இரண்டாம் இசபெல்லாவின் கணவரான பிரான்சிஸ்கோ தெ அசிசின் தம்பியும் ஆவார். அரச குடும்பத்தில் பிறந்தும் முற்போக்குக் கட்சியை ஆதரித்து, பிற்காலத்தில் குடியரசுவாதிகளுடன் நட்புப் பூண்டார். இதனால் பலமுறை நாடு கடத்தப்பட்டு, பட்டங்களும் பறிக்கப்பட்டார். ஸ்பெயினின் அரியணைக்குப் போட்டியிட்ட மொன்பான்சியே கோமகனுடன் 1870 இல் மாட்ரிட் அருகே நடத்திய துப்பாக்கிச் சண்டையில் கொல்லப்பட்டார்.

பிறப்பும் குடும்பமும்

என்ரிக்கே தெற்கு ஸ்பெயினில் உள்ள செவில் நகரின் அரண்மனையில் பிறந்தார். அக்காலத்தில் ஸ்பெயினை ஆண்டவர் இவருடைய பெரியப்பா ஏழாம் பெர்டினாண்டு. பிறந்த ஊரின் பெயரையே கொண்ட செவில் கோமகன் என்னும் பட்டத்தை அவர் குழந்தைக்கு வழங்கினார். அரசரின் நெருங்கிய உறவினர்களுக்கு ஸ்பெயினில் வழங்கப்பட்ட இன்பான்ட் என்னும் தகுதியும் இவருக்குக் கிடைத்தது. இந்தத் தகுதியே பிற்காலத்தில் இவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

தந்தை பிரான்சிஸ்கோ தெ பவுலா நான்காம் கார்லோசின் கடைசி மகன். 1808 மே 2 அன்று நெப்போலியனின் படையினர் சிறுவனாயிருந்த அவரை மாட்ரிட் அரண்மனையிலிருந்து பிரான்சுக்குக் கொண்டு செல்ல முயன்றபோதுதான் மக்கள் கூடித் தடுத்தனர். அதிலிருந்தே பிரெஞ்சு ஆக்கிரமிப்புக்கு எதிரான புகழ்பெற்ற கிளர்ச்சி தொடங்கியது. வளர்ந்த பின் அவர் மென்மையான, தாராளவாதக் கருத்துகளுடைய, பெரிய அரசியல் திறமை இல்லாத மனிதராகவே அறியப்பட்டார்.

தாய் லூயிசா கார்லோட்டா இரு சிசிலிகள் நாட்டின் இளவரசி. குடும்பத்தின் அரசியல் இவர் கையில்தான் இருந்தது. 1832 இல் ஏழாம் பெர்டினாண்டு நோயுற்றுக் கிடந்தபோது, பெண் வாரிசை விலக்கி அரசரின் தம்பி கார்லோசுக்கு அரியணை கிடைக்க ஏற்பாடு செய்த அமைச்சர் கலொமார்தேயை இவர் கன்னத்தில் அறைந்தார் என்று சொல்லப்படுகிறது. பெர்டினாண்டின் மகள் இசபெல்லா அரியணை ஏறியதில் இவருக்கும் பங்கு உண்டு. தம் மகன்களில் ஒருவர் இசபெல்லாவை மணக்க வேண்டும் என்பதே இவருடைய பெருவிருப்பம். ஆனால் இசபெல்லாவின் தாய் மரியா கிறிஸ்தினா, தம் உடன்பிறந்த தங்கையாக இருந்தும், இவருக்குக் கடும் பகையாகி விட்டார்.

இவ்விடத்தில் உறவுமுறையைக் கவனிக்க வேண்டும். என்ரிக்கேவுக்கு இசபெல்லா பெரியப்பா மகளும் சித்தி மகளும் ஆவார். ஐரோப்பிய அரச குடும்பங்களில் இத்தகைய நெருங்கிய உறவினர் திருமணங்கள் திருத்தந்தையின் சிறப்பு அனுமதியுடன் நடைபெற்று வந்தன. எனவே என்ரிக்கேவும் அவருடைய அண்ணன் பிரான்சிஸ்கோ தெ அசிசும் அரசியின் கணவராவதற்குத் தகுதியானவர்களாகவே கருதப்பட்டனர்.

மரியா கிறிஸ்தினா அரசப் பிரதிநிதியாக ஆண்ட காலத்தில், 1838 இல் இக்குடும்பம் பாரிசுக்குச் சென்று வாழ நேர்ந்தது. 1841 இல் என்ரிக்கேவின் அக்காள் இசபெல் பெர்னாண்டா, குரோவ்ஸ்கி என்ற போலந்துப் பிரபுவுடன் வீட்டை விட்டு வெளியேறி அவரை மணந்து கொண்டார். பெற்றோர் பேச்சையும் அரசவை மரபையும் மீறியவர் இக்குடும்பத்தில் என்ரிக்கே மட்டும் அல்லர்.

கடற்படையும் அரசியலும்

1840 இல் மரியா கிறிஸ்தினா பதவி இழந்து வெளியேறினார். படைத்தலைவர் எஸ்பார்த்தேரோ நாட்டின் பிரதிநிதியானார். அவர் முற்போக்குக் கட்சியின் தலைவர். அக்காலத்து ஸ்பெயினில் தாராளவாதிகள் இரு பிரிவாக இருந்தனர். மிதவாதிகள் அரசரின் அதிகாரத்தையும் செல்வந்தரின் வாக்குரிமையையும் காத்தனர். முற்போக்குவாதிகள் நாடாளுமன்றத்துக்கும் நகராட்சிகளுக்கும் கூடுதல் உரிமை கேட்டனர். பிரான்சிஸ்கோ தெ பவுலாவின் குடும்பம் முற்போக்குவாதிகளின் காலத்தில் நாடு திரும்பியது. என்ரிக்கே அவர்களுடைய கருத்துகளை ஏற்றுக்கொண்டார்.

என்ரிக்கே கடற்படையில் சேர்ந்தார். மன்சனாரெஸ் என்ற பாய்மரப் போர்க்கப்பலின் தலைவராகவும் பணியாற்றினார். அண்ணன் பிரான்சிஸ்கோ தெ அசிஸ் மெல்லிய குரலும் கூச்ச இயல்பும் உடையவர். பக்தியில் ஈடுபாடு மிக்கவர். தம்பியோ துடிப்பானவர், வாய்த்துடுக்கு உடையவர், கடலோடி. இவ்வேறுபாடே விரைவில் ஐரோப்பிய வல்லரசுகளின் கணக்குகளில் இடம்பெற்றது.

ஸ்பானியத் திருமணங்கள்

இசபெல்லா 1843 இல், பதின்மூன்று வயதில், உரிய வயது அடைந்தவராக அறிவிக்கப்பட்டார். அவரை யார் மணப்பது என்பது பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே பெரும் போட்டியாயிற்று. பிரெஞ்சு அரசர் லூயி பிலிப்பு தம் கடைசி மகன் மொன்பான்சியே கோமகனுக்கு ஸ்பானிய அரச குடும்பத்தில் பெண் எடுக்க விரும்பினார். பிரித்தானியா இதை எதிர்த்தது. 1846 கோடையில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சரான பாமர்ஸ்டன், மணமகனாகத் தக்கவர்களாக ஜெர்மானிய இளவரசர் ஒருவரையும் பிரான்சிஸ்கோ தெ பவுலாவின் இரு மகன்களையும் குறிப்பிட்டார். இவர்களுள் அவர் மனம் என்ரிக்கேவையே நாடியது. ஸ்பெயினின் முற்போக்குவாதிகளும் என்ரிக்கேவையே விரும்பினர்.

முற்போக்குவாதிகளின் வேட்பாளர் என்பதாலேயே மிதவாத அமைச்சர்களும் மரியா கிறிஸ்தினாவும் இவரை ஏற்கவில்லை. இவருக்காகப் போராடியிருக்கக் கூடிய தாய் லூயிசா கார்லோட்டா 1844 சனவரியிலேயே இறந்து விட்டார். 1846 ஏப்ரலில் கலீசியா பகுதியில் படைவீரர்கள் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி சில வாரங்களில் ஒடுக்கப்பட்டு, அதன் தலைவர் சொலீசும் மற்ற அதிகாரிகளும் கரால் என்ற ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அப்பகுதியில் கடற்படைப் பணியில் இருந்த என்ரிக்கே மீது கிளர்ச்சிக்காரர்களுடன் தொடர்பு இருப்பதாக ஐயம் எழுந்தது. அவர் நாட்டை விட்டு வெளியேற ஆணையிடப்பட்டார். திருமணப் போட்டி முடிவாகும் வேளையில் அவர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அலைந்து கொண்டிருந்தார்.

1846 அக்டோபர் 10 அன்று, தம் பதினாறாம் பிறந்தநாளில், இசபெல்லா பிரான்சிஸ்கோ தெ அசிசை மணந்தார். அதே நாளில் அவருடைய தங்கை லூயிசா பெர்னாண்டாவை மொன்பான்சியே கோமகன் அந்துவான் மணந்தார். இசபெல்லாவுக்குக் குழந்தை பிறக்காது என்ற எதிர்பார்ப்பில், அரியணை மொன்பான்சியேயின் வாரிசுகளுக்கு வரும் என லூயி பிலிப்பு கணக்கிட்டதாகக் கருதப்பட்டது. (இசபெல்லாவுக்குப் பின்னர் பல குழந்தைகள் பிறந்தன.) பிரித்தானியா தான் ஏமாற்றப்பட்டதாகக் கருதியது, இரு நாடுகளின் நட்பு முறிந்தது. என்ரிக்கேவைப் பொறுத்தவரை, அந்த ஒரே நாளில் தாம் இழந்த இடத்தில் அண்ணன் அமர்ந்தார். தம்மைக் கொல்லப்போகிறவர் ஸ்பானிய அரச குடும்பத்துக்குள் நுழைந்தார்.

எலெனாவுடன் திருமணம்

1847 மே 6 அன்று என்ரிக்கே ரோம் நகரில் எலெனா தெ காஸ்தெல்வி என்ற பெண்ணை மணந்தார். எலெனா வலென்சியாவைச் சேர்ந்த காஸ்தெல்யா பிரபுவின் மகள். உயர்குடிப் பெண்தான், ஆனால் அரச குடும்பத்தவர் அல்லர். மூன்றாம் கார்லோஸ் 1776 இல் பிறப்பித்த சட்டப்படி அரச குடும்பத்தவர் அரசரின் அனுமதி பெற்றே மணம் செய்ய வேண்டும். சமமற்ற மணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அரசுரிமையும் இல்லை. என்ரிக்கே அனுமதி இன்றி மணந்தார். அரசியை மணக்கக் கூடியவர் எனப் பேசப்பட்டவர், ஓராண்டுக்குள் தம் பிள்ளைகளின் அரச உரிமையை இழக்கும் மணத்தைத் தேர்ந்தெடுத்தது அரசவையை அதிர வைத்தது. தம்பதியர் மீண்டும் நாடு கடத்தப்பட்டு, தென் பிரான்சின் துலூஸ் நகரில் குடியேறினர்.

இவர்களுக்கு ஐந்து குழந்தைகள் பிறந்தனர்: என்ரிக்கே பியோ, இளவயதில் இறந்த லூயிஸ், பிரான்சிஸ்கோ மரியா, ஆல்பர்த்தோ, மரியா தெல் ஒல்விதோ. கடைசி மகளின் பெயரில் உள்ள ஒல்விதோ என்னும் சொல்லுக்கு ஸ்பானிய மொழியில் மறதி என்று பொருள்.

நாடு கடத்தல்கள்

1848 பிப்ரவரியில் பாரிசில் புரட்சி வெடித்து லூயி பிலிப்பு அரியணை இழந்தார். ஐரோப்பாவெங்கும் கிளர்ச்சிகள் பரவின. மாட்ரிடில் மார்ச், மே மாதங்களில் எழுந்த கிளர்ச்சிகளைப் பிரதமர் நர்வாயஸ் இரும்புக் கரம் கொண்டு அடக்கினார். பிரான்சில் இருந்த என்ரிக்கே புரட்சிக்கு ஆதரவான கருத்துகளை வெளியிட்டார். அரச குடும்பத்தவர் ஒருவரே இவ்வாறு பேசுவதை அரசு பொறுக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் அவருடைய இன்பான்ட் தகுதியும் அதனுடன் கூடிய மரியாதைகளும் பறிக்கப்பட்டன. அவ்வாண்டு அவருடைய தங்கை ஹொசெபா, கியூபாவில் பிறந்த எழுத்தாளர் ஹொசே குவெல் இ ரெந்தேயை அனுமதியின்றி மணந்து தானும் தண்டனைக்கு உள்ளானார்.

அடுத்த இருபது ஆண்டுகள் ஒரே சுழற்சியாகக் கழிந்தன. என்ரிக்கே அரசியிடம் பணிந்து மன்னிப்புக் கேட்பார், நாடு திரும்ப அனுமதி கிடைக்கும், சில காலம் அமைதியாக இருப்பார், பின்னர் அரசையோ அரசவையையோ தாக்கி ஏதாவது எழுதுவார் அல்லது பேசுவார், மீண்டும் வெளியேற்றப்படுவார். இவருடைய முற்போக்குக் கொள்கை எந்த அளவு உண்மையானது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கொள்கைக்காகப் போராடியவர் இத்தனை முறை மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்க மாட்டார் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். அரண்மனையில் வாய்மூடி இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம் என்பதையும் மறுக்க இயலாது. கொள்கையும் மனக்கசப்பும் இவரிடம் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன என்று கொள்வதே பொருத்தம். பணமுடையும் ஒரு காரணம். அரச உதவித்தொகை நிற்கும்போதெல்லாம் குடும்பம் வறுமையில் வாடியது. அவ்வேளைகளில்தான் மன்னிப்புக் கடிதங்கள் எழுதப்பட்டன.

1863 இல் எலெனா மாட்ரிடில் இறந்தார். 1865 இல் தந்தையும் இறந்தார். அதன் பின் என்ரிக்கேவின் பேச்சில் கட்டுப்பாடு மேலும் குறைந்தது. 1867 இல் பாரிசிலிருந்து அரசை வெளிப்படையாகத் தாக்கியதால் மீண்டும் இன்பான்ட் தகுதியை இழந்தார். இவர் ஃப்ரீமேசன் இயக்கத்திலும் உயர்ந்த படிநிலையை அடைந்திருந்தார். கத்தோலிக்கத் திருச்சபை அவ்வியக்கத்தைக் கண்டித்திருந்த நிலையில், ஒரு போர்பொன் இளவரசர் அதில் சேர்ந்தது அரசவையின் பார்வையில் இன்னொரு மீறலாகும்.

1868 புரட்சியும் அரியணைப் போட்டியும்

1868 செப்டம்பரில் காடிஸ் துறைமுகத்தில் கடற்படை தொடங்கிய புரட்சி இசபெல்லாவின் ஆட்சியை வீழ்த்தியது. அரசி பிரான்சுக்குத் தப்பினார். நாடாளுமன்றம் 1869 இல் இயற்றிய அரசியலமைப்பு முடியாட்சியை நிலைநிறுத்தியது; ஆனால் முடிசூட அரசர் இல்லை. செர்ரானோ அரசப் பிரதிநிதியாகவும் பிரிம் பிரதமராகவும் இருந்து புதிய அரசரைத் தேடினர்.

இத்தேடலில் முன்னணியில் நின்றவர் மொன்பான்சியே. அவர் பெருஞ்செல்வர், செவிலில் தம் மனைவியுடன் சிறு அரசவையே நடத்தி வந்தவர். தம் மனைவியின் அக்காளான இசபெல்லாவை வீழ்த்திய புரட்சிக்கு அவரே பணம் கொடுத்தார். செர்ரானோவும் கடற்படைத் தலைவர் தொபெத்தேயும் அவரை ஆதரித்தனர். பிரிம் விரும்பவில்லை. பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோ, தாம் வெறுத்த ஓர்லியன்ஸ் குடும்பத்தவர் அண்டை நாட்டில் ஆள்வதை எவ்விதத்திலும் ஏற்கமாட்டார் என்பது தெரிந்ததே.

புரட்சிக்குப் பின் நாடு திரும்பிய என்ரிக்கே மாட்ரிடில் எளிய வாழ்க்கை நடத்தினார். தமக்கு அரியணை கிடைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். மொன்பான்சியேக்குக் கிடைக்கக் கூடாது என்பதே அவருடைய நோக்கமாயிற்று. தம் குடும்பத்தின் சோற்றை உண்டு அதற்கே குழி பறித்தவர் என்று அவரைக் கருதினார். அந்தக் குடும்பத்தைத் தாமே இருபது ஆண்டுகள் எதிர்த்தவர் என்ற முரண்பாடு அவரை உறுத்தியதாகத் தெரியவில்லை.

1870 மார்ச் 7 நாளிட்டு, மொன்பான்சியேயின் ஆதரவாளர்களை விளித்து என்ரிக்கே ஒரு துண்டறிக்கை வெளியிட்டார். அதில் மொன்பான்சியேயை ஊதிப் பெருத்த பிரெஞ்சுப் பலகாரக்காரர் என்ற பொருள்பட இழிவுபடுத்தியிருந்தார். பலகாரக்காரரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லுக்கு மறைவில் பேரம் பேசிச் சூழ்ச்சி செய்பவர் என்ற பொருளும் உண்டு. மொன்பான்சியே தம் உதவியாளரான சொலீஸ் என்னும் படை அதிகாரியை அனுப்பி, அறிக்கையை எழுதியது அவர்தானா என்று கேட்டார். (இவர் கலீசியாவில் கொல்லப்பட்ட சொலீஸ் அல்லர்.) என்ரிக்கே தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

துப்பாக்கிச் சண்டை

இருவர் சாட்சிகள் முன்னிலையில் ஆயுதம் ஏந்தி மோதி மானப் பிரச்சினையைத் தீர்த்துக்கொள்வது சட்டத்தால் தடை செய்யப்பட்டிருந்தது. ஆயினும் படை அதிகாரிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், இதழாளர்கள் ஆகியோரிடையே அது பரவலாக இருந்தது. அழைப்பை மறுத்தவர் கோழை எனப் பெயரெடுத்துப் பொதுவாழ்வை இழப்பார். அரியணை கேட்டு நின்ற மொன்பான்சியே இவ்வளவு கடுமையான இழிமொழியைக் கேட்டும் வாளாவிருந்தால் படையின் மதிப்பை இழந்திருப்பார். சண்டையிட்டுக் கொன்றாலோ கொலைகாரர் ஆவார். அவருடைய இக்கட்டு இதுவே.

1870 மார்ச் 12 காலை மாட்ரிடுக்கு வெளியே கராபன்செல் பகுதியில் உள்ள படைப்பயிற்சித் திடலில் இருவரும் சந்தித்தனர். மொன்பான்சியேயின் சாட்சிகள் பெர்னாண்டஸ் தெ கோர்தொவா, அலமீனோஸ் என்ற இரு படைத்தலைவர்களும் உதவியாளர் சொலீசும் ஆவர். என்ரிக்கேவின் தரப்பில் குடியரசுவாதிகள் நின்றனர். அவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற மருத்துவர் பெதெரிக்கோ ரூபியோ. ஏறத்தாழ பத்து மீட்டர் இடைவெளியில் நின்று ஒருவர் மாற்றி ஒருவர் சுடுவது என முடிவு செய்யப்பட்டது. முதலில் சுடுவது யார் எனச் சீட்டுப் போட்டதில் என்ரிக்கேவுக்கு முதல் வாய்ப்புக் கிடைத்தது.

முதல் சுற்றில் இருவருடைய குண்டுகளும் தவறின. இரண்டாம் சுற்றில் என்ரிக்கேவின் குண்டு மீண்டும் தவறியது. மொன்பான்சியேயின் குண்டு என்ரிக்கேவின் கைத்துப்பாக்கியில் பட்டது. மூன்றாம் சுற்றிலும் என்ரிக்கே தவறவிட்டார். மொன்பான்சியேயின் குண்டு அவர் தலையில் பாய்ந்தது. என்ரிக்கே அங்கேயே உயிரிழந்தார். நாற்பத்தேழாம் வயது நிறைவடைய ஒரு மாதம் இருந்தது.

மாட்ரிடில் நடந்த இறுதி ஊர்வலம் பெரும் அரசியல் நிகழ்ச்சியாயிற்று. ஃப்ரீமேசன்களும் குடியரசுவாதிகளும் திரளாகக் கலந்து கொண்டனர். உடல் சான் இசித்ரோ கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

விளைவுகள்

மொன்பான்சியே ஸ்பானியப் படையில் உயர்பதவி வகித்ததால் அவரை இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: ஒரு மாதம் மாட்ரிடுக்கு வெளியே இருக்க வேண்டும், இறந்தவர் குடும்பத்துக்கு 30,000 பெசேத்தா இழப்பீடு வழங்க வேண்டும். என்ரிக்கேவின் மக்கள் அப்பணத்தை வாங்க மறுத்தனர். பெற்றோர் இருவரையும் இழந்து, கையில் பொருளும் இல்லாத நிலையில் அவர்கள் இவ்வாறு செய்தனர்.

சட்டம் அளித்த தண்டனையை விட அரசியல் அளித்த தண்டனை பெரிது. 1870 நவம்பர் 16 அன்று நாடாளுமன்றம் அரசரைத் தேர்ந்தெடுத்தபோது, இத்தாலிய இளவரசர் அமதேயோ 191 வாக்குகள் பெற்றார். கூட்டாட்சிக் குடியரசுக்கு 60 வாக்குகள். மொன்பான்சியேக்கு 27 மட்டுமே. அந்த ஒரு குண்டுதான் அவருடைய அரியணைக் கனவைக் கொன்றது என்று எழுதுவோர் உண்டு. இது ஓரளவே உண்மை. பிரிம் ஏற்கெனவே வேறு நாட்டு இளவரசர்களை நாடியிருந்தார். அவர்களுள் ஒருவரான ஹோகன்சோலர்ன் இளவரசர் லெயோபோல்டின் பெயர் வெளியானதே 1870 சூலையில் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூளக் காரணமாயிற்று. சண்டைக்கு முன்பே மங்கியிருந்த மொன்பான்சியேயின் வாய்ப்பு, அதன் பின் அவர் ஆதரவாளர்களாலும் காக்க முடியாததாயிற்று.

1874 இறுதியில் முடியாட்சி மீண்டது. இசபெல்லாவின் மகன் பன்னிரண்டாம் அல்போன்சோ அரசரானார். அவர் 1878 சனவரியில் மொன்பான்சியேயின் மகள் மெர்செதெசைக் காதலித்து மணந்தார். தம் சித்தப்பாவைக் கொன்றவரின் மகளையே அரசர் மணந்தார். மெர்செதெஸ் ஆறு மாதத்துக்குள் பதினெட்டு வயதில் நோயால் இறந்தார்.

என்ரிக்கேவின் மூத்த மகன் என்ரிக்கே பியோ இரண்டாம் செவில் கோமகன் ஆனார். தந்தையின் குணம் அவரிடமும் இருந்தது. 1886 இல் அரண்மனைக் காவல் பணியில் இருந்தபோது அரசப் பிரதிநிதியான அரசியை அவமதித்ததாக இராணுவ நீதிமன்றம் அவருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் தப்பி ஓடினார். பின்னர் மன்னிக்கப்பட்டு, பிலிப்பைன்சில் பணியாற்றி, 1894 இல் அங்கிருந்து திரும்பும் வழியில் செங்கடலில் கப்பலிலேயே இறந்தார். மற்றொரு மகன் பிரான்சிஸ்கோ மரியா படைத்தலைவரானார். பிரான்சின் அரியணைக்கும் உரிமை கோரினார். ஆல்பர்த்தோ பிற்காலத்தில் சாந்தா எலெனா கோமகன் என்ற பட்டம் பெற்றார்.

ஸ்பானிய நாவலாசிரியர் பெனீத்தோ பேரெஸ் கல்தோஸ், 1909 இல் வெளியான எஸ்பானியா திராகிக்கா என்னும் வரலாற்றுப் புதினத்தில் இச்சண்டையை எழுதியுள்ளார். அது நடந்தபோது அவர் இருபத்தாறு வயது இளைஞர்.